ஆவுடைத்தாய்க்கு வந்த எண்

ஆவுடைத்தாய்க்கு வந்த எண் ஏழு.

ரெஜினா திரையை இன்னொரு முறை பார்த்தாள். ஏழுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஸ்கேன் குழாயிலிருந்து வெளியே வந்துவிட்ட மேசையில், அந்த அம்மாள் எழுந்து உட்காரப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். முதலில் ஒருக்களித்தாள். பிறகு இரண்டு கைகளையும் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினாள். ஏசி பதினெட்டில் ஓடிய அறையில் அவள் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது.

நூற்றுக்கு ஏழு என்றால் எறும்பு கடித்த வலி. வேலைக்கு மட்டம் போடலாம் என்று வந்து, குழாய்க்குள் படுத்ததும் குறட்டை விட்டவர்களுக்குத்தான் ரெஜினா அப்படிப்பட்ட எண்களை எதிர்பார்ப்பாள்.

வலிமானி என்பது ஊர் வைத்த பெயர். அரசாணையில் அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. தலையைப் படமெடுத்து, மூளையில் வலி எரிகிற இடங்களை அளந்து, பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஓர் எண்ணைக் கொடுக்கும். அது வருவதற்கு முன்னால், இடுப்பு வலி, தோள் வலி என்று இலகு வேலை கேட்ட தொழிலாளிகள் டாக்டர் கடிதத்தோடு அலைந்தார்கள். கடிதம் பொய் என்றார்கள் ஆலைக்காரர்கள். கடிதமே தரமாட்டேன் என்றார்கள் சில டாக்டர்கள். பிறகு வலிச் சான்று வாரியம் வந்தது. ஐம்பதுக்கு மேல் எண் இருந்தால் தறியில் நிறுத்தக் கூடாது, இலகு வேலைதான் தர வேண்டும். இருபதுக்குக் கீழே என்றால் 'உணரத்தக்க வலி இல்லை'. தொழிலாளி இனித் தன் வலிக்காக யார் முன்னாலும் கெஞ்ச வேண்டியதில்லை என்று சங்கத் தலைவர் ஒருவர் மேடையில் பேசினார். முதலாளிகளும் சேர்ந்து கை தட்டினார்கள்.

ரெஜினாவும் அதை மனதார நம்பினாள். இராஜபாளையம் பக்கத்துச் சிற்றூர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு வலிமானி. அதை இயக்கும் டெக்னீஷியன் அவள். முதல் வருஷம் ஒரு கொத்தனார் வந்தார். சாரத்திலிருந்து விழுந்து ஆறு வருஷம். வீட்டில் எல்லாரும் சோம்பேறி என்று சொல்லிச் சொல்லி அவரே கூனிப்போயிருந்தார். எழுபத்தாறு வந்தது. அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வரவேற்பறையில் உட்கார்ந்து, முகத்தை மறைக்கக்கூடத் தோன்றாமல் அழுதார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ரெஜினா தன் கணவனிடம், "இப்படி ஒரு வேலை யாருக்குக் கிடைக்கும்" என்று சொன்னாள்.

இப்போது அவள் கதவைத் திறந்துகொண்டு ஆவுடைத்தாயிடம் போனாள்.

"அக்கா, வலிக்குதா?"

"வலிக்கத்தான் செய்யி." அந்த அம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டாள். நாற்பத்தாறு வயது, பார்த்தால் பத்து கூடச் சொல்லலாம். மருத்துவமனைகளுக்குப் போகிற கட்டுத்துணி நெய்யும் தறிகளில் பத்தொன்பது வருஷம் நின்றவள். "பன்னெண்டு வருசமா வலிக்கி. பாவு உருளையத் தூக்கி மாட்டையில புடிச்சது. அதுக்கென்ன செய்ய?"

"இன்னும் ஒரு படம் எடுத்துக்கிடுறேன். முதுகை மட்டும்."

"எடுங்க சிஸ்டர். வந்தது வந்தாச்சு."

முதுகைப் படமெடுப்பது வாரியத்தின் விதியில் கிடையாது. டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் ரெஜினா எடுத்தாள். திரையில் படம் தெளியத் தெளிய அவள் நாற்காலியில் முன்னால் சாய்ந்தாள். இடுப்புப் பக்கத்து முள்ளெலும்புகள் இரண்டுக்கு நடுவே மெத்தையாக இருக்க வேண்டிய வட்டு பிதுங்கி வெளியே வந்து, நரம்பை எலும்புச் சுவரோடு வைத்து நசுக்கிக்கொண்டிருந்தது. இந்த முதுகோடு ஒருத்தி பேருந்தில் வந்து, மாடிப்படி ஏறி, வரிசையில் நின்றிருக்கிறாள்.

டாக்டர் திருமலைக்கொழுந்து அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது ரெஜினா முதுகுப் படத்தை அவர் முன்னால் வைத்தாள். ஓய்வுக்கு மூன்று வருஷம் பாக்கி இருந்த மனிதர் அவர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார்.

"இதை யாரும்மா கேட்டா?"

"பாருங்க சார். இந்த முதுகுக்கு ஏழு வருமா?"

அவர் பார்த்தார். வேண்டிய அளவுக்கு மேலேயே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உக்காரு ரெஜினா. இந்த மெஷினுக்கு வலின்னா என்னன்னு யார் சொல்லிக்குடுத்தா, தெரியுமா? எங்கேயோ ஒரு பெரிய ஊர்ல, காலேஜ் பசங்க முந்நூறு பேர். கையில சூடான தகட்டை வச்சு, எவ்வளவு வலிக்குதுன்னு கேட்டுக் கேட்டுப் படம் எடுத்தாங்க. அதுதான் இதுக்குப் பாடப் புத்தகம். புதுசா வந்து கத்துற வலி மட்டும்தான் இதுக்குத் தெரியும். இந்த அம்மா பன்னெண்டு வருஷமாச் சுமக்குறா. கத்திப் பாத்து யாரும் திரும்பலேன்னதும், மூளை அந்த வலியைக் கொண்டுபோய் வேற ஒரு மூலையில வச்சுட்டு மேல ஆகவேண்டிய வேலையைப் பாக்க ஆரம்பிச்சிடுது. அந்த மூலையில இது தேடாது."

"அப்படின்னா ரொம்ப நாள் கஷ்டப்பட்டவங்களுக்குத்தான் நம்பர் குறையும்."

"ஆமா."

"உங்களுக்கு இது எப்பத்துல இருந்து தெரியும் சார்?"

"ரெண்டு வருஷமா."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போடுறீங்க?"

"மெஷின் ஏழுன்னு காட்டிச்சு. ஏழுன்னு எழுதியிருக்கு. அதுக்குக் கீழதான் நான் கையெழுத்துப் போடுறேன். இதுல நான் என்ன பொய் எழுதினேன்?" குரல் தாழ்வாகத்தான் இருந்தது. "மாத்தி எழுதினா, இந்த மெஷினையே நம்ப முடியாதுன்னு தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் உன் கொத்தனாருக்கு எழுபத்தாறு யார் குடுப்பா? நீயா?"

ஏழு என்ற எண்ணின் கீழே, 'உணரத்தக்க வலி இல்லை' என்ற வரியின் கீழே, அவர் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு முற்பகலில் ஆவுடைத்தாய் தனியாக வந்தாள். வரிசையில் நிற்கவில்லை. ரெஜினா டீ குடிக்க வெளியே வரும்வரை வாசலில் காத்திருந்தாள்.

"சிஸ்டர், ஒரே ஒரு கேள்வி. கோவிச்சுக்கிடாதீக."

"கேளுங்க அக்கா."

"எனக்கு வலி இருக்கா, இல்லையா?"

ரெஜினா டீக்குவளையைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் அந்தத் தாள டிவிக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்காக. நான் லேசா மொனங்குனாக்கூட, 'ஏழு'ங்காக. அவுக சொன்னாப் பரவால்ல, எம் மக இருக்காளே, அவளும் சிரிச்சுக்கிட்டே 'ஏழு'ங்கா. வெளையாட்டுக்குத்தான் சொல்லுதா. ஆனா எனக்கே இப்ப சந்தேகமாப் போச்சு. கொடத்தத் தூக்கையில சுரீர்னு காலுக்கு எறங்கும். ஒடனே, இது நெசந்தானா, நானா நெனச்சுக்கிடுதேனான்னு தண்ணிய எறக்கி வச்சுட்டு நின்னு யோசிக்கேன்." அவள் நிறுத்தினாள். "முன்னயெல்லாம் வலி மட்டுந்தான் இருந்துச்சு."

"இருக்கு அக்கா," என்றாள் ரெஜினா. "உங்களுக்கு வலி இருக்கு. நான் படத்துல பாத்தேன். நரம்பு நசுங்கியிருக்கு."

"அப்ப அத ஒரு தாள்ல எழுதிக் குடுங்களேன். அதையும் டிவிக்குப் பக்கத்துல ஒட்டிருதேன்."

"எனக்கு எழுதுற அதிகாரம் இல்ல அக்கா. டாக்டர்தான் எழுதணும்."

ஆவுடைத்தாய் தலையாட்டினாள். அதிகாரம் இல்லை என்ற பதிலை வாழ்நாள் முழுதும் கேட்டுப் பழகியவளின் தலையாட்டல் அது. "பரவால்ல தாயி. நீங்க வாயால சொன்னதே போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் 'போதும்' ரெஜினாவை உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த மாதம் முழுவதும், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஸ்கேன் சென்டரின் கணினியில் பழைய பதிவுகளைத் தோண்டினாள். இருபதுக்குக் கீழே எண் வந்தவர்களில் பலர் வேறு இடங்களில் எடுத்த முதுகுப் படம், தோள்பட்டைப் படம், முழங்கால் படங்களோடு வந்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். தேய்ந்த மூட்டுகள். கிழிந்த தசைநார்கள். நாற்பத்து மூன்று பேர் தேறினார்கள். எல்லாருமே பத்து வருஷத்துக்கு மேல் தறியிலோ நூற்பாலையிலோ தீப்பெட்டி ஆபீசிலோ இருந்தவர்கள்.

அவர்களுடைய படங்களையெல்லாம் நகலெடுத்து வாரியத்தின் தலைமையகத்துக்குப் புகார் எழுதினாள். பெயர்களை மறைத்தாள். வயது, ஊர், தொழில், எத்தனை வருஷ வேலை என்பதை மறைக்கவில்லை. அதை எடுத்துவிட்டால் புகாரில் சத்தே இல்லை. ஆவுடைத்தாயின் படத்தை முதலாவதாக வைத்தாள். அவ்வளவு தெளிவான படம் வேறு எவருடையதும் இல்லை.

அவளுடைய தொலைபேசி எண் பதிவில் இருந்தது. கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லலாமா என்று ரெஜினா யோசிக்கத்தான் செய்தாள். கேட்டால் அந்த அம்மாள் பயந்துபோவாள், வீட்டுக்காரர் வேண்டாம் என்பார், விஷயம் கசிந்து டாக்டர் காதுக்கு எட்டும். அவளுக்கு நல்லது செய்ய அவளிடமே எதற்கு அனுமதி என்றும் தோன்றியது. கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

விசாரணை எட்டு மாதம் நடந்தது. ரெஜினா மூன்று தடவை சென்னைக்குப் போய்வந்தாள். பெரிய திரையில் ஆவுடைத்தாயின் மூளையும் முதுகும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தன. நிபுணர்கள் அதைக் கோலால் தொட்டுத் தொட்டுப் பேசினார்கள். கடைசியில் வாரியம் ஒப்புக்கொண்டது. கருவிக்குப் பிடிபடாத அந்த வலிக்கு 'மறைவலி' என்று பெயர் வைத்தது. இருபதுக்குக் கீழே வந்த சான்றுகள் எல்லாம் ரத்து. அந்த நாற்பத்து மூன்று பேர் மறைவலிக்காரர்கள். அவர்களைத் தறியில் நிறுத்தக் கூடாது. கருவிக்குப் புதிதாகப் பாடம் சொல்லிக்கொடுக்கப்படும். அதன் பிறகு எல்லாரும் மறுபடி படம் எடுத்துப் புது எண் வாங்க வேண்டும்.

செய்தித்தாள்களில் வந்தது. ரெஜினாவின் பெயரும் ஆவுடைத்தாயின் முதுகும் வந்தன. டாக்டர் திருமலைக்கொழுந்துவின் கையெழுத்து உரிமையை நிறுத்தி வைத்தார்கள். மேசையைக் காலி செய்துகொண்டு போகும்போது அவர் ரெஜினாவின் அறை வாசலில் நின்று, "நல்லது பண்ணியிருக்கம்மா. நான் பண்ணியிருக்கணும்" என்றார். அதில் கிண்டல் இருக்கிறதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. சென்டர்க்காரர்களுக்கு அவளை வேலையை விட்டு அனுப்ப ஆசைதான். பேப்பரில் வந்துவிட்டதால் தலைமை டெக்னீஷியன் ஆக்கினார்கள்.

ஆடிக் காற்று அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்ததும், ரெஜினா ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆவுடைத்தாயின் வீட்டைத் தேடிப் போனாள். வாசலில் ஒருவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் பெயரைச் சொன்னதும், ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏளா, ஒன்னய பேப்பர்ல போட்ட அம்மா வந்திருக்காக."

ஆவுடைத்தாய் வெளியே வந்தாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். ஆப்பிள் பையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"அக்கா, உங்களுக்கு வலி இருக்குன்னு கவர்மெண்டே ஒத்துக்கிடுச்சு. கேள்விப்பட்டீங்களா?"

"ஊரே கேள்விப்பட்டுச்சு." அவள் எதிரே சுவரோடு சாய்ந்து நின்றாள். "பேரு போடலைங்காக. இந்த ஊர்ல கட்டுத்துணித் தறியில பத்தொம்போது வருசம் நின்ன நாப்பத்தாறு வயசுப் பொம்பள எத்தன பேரு? கடைக்காரர் கூட, 'ஒங்க முதுகப் பாத்தேன்'ங்காரு. சேலைக்குள்ள இருக்க முதுக ஊர்ப் பயலுவ எல்லாம் பாத்துட்டானுவ."

"அது எலும்புப் படம்தானே அக்கா..."

"எலும்பு என்னோடதில்லையா?"

ரெஜினா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"நான் சொல்லுதேன், கேளுங்க. ஒங்ககிட்ட வந்துட்டுப் போன பொறவு, தறிச் செட்டுக்குத் திரும்பிப் போனேன். வேற என்ன செய்ய? சூப்ரவைசர் நம்பர் என்னன்னு கேட்டாரு. ஏழுன்னேன். 'ஏழா! பத்துக்குக் கீழயா?'ன்னு கண்ண விரிச்சாரு. நாலு தறி பாத்தவளுக்கு எட்டுத் தறி குடுத்தாரு. நம்பர் கொறஞ்ச ஆளா எடு, அதுக லீவு கேக்காதுன்னு எல்லாச் செட்டுலயும் தேடித் தேடி எடுத்தாக. என்னையக் கூப்புட வீட்டுக்கே வண்டி வந்துச்சு தாயி. என் பொறப்புல என்னைய யாரு அப்படிக் கூப்புட்டா? மகள மதுரையில நர்சுக்குச் சேத்தேன்."

"எட்டுத் தறியா? வலிக்கலையா அக்கா?"

"வலிக்கத்தான் செஞ்சுது. நாலு தறியிலயும் வலிச்சுது, சும்மா உக்காந்தாலும் வலிச்சுது. ஆனா தறி இருந்துச்சே."

காற்று வாசல் கதவைத் தள்ளியது. வெளியே அவள் கணவர் சைக்கிளைத் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப மறைவலின்னு ஒண்ணு சொல்லிட்டாக. எங்க செட்டுல மட்டும் பதினோரு பேரு. தறியில நிறுத்தப்படாதாம், லேசான வேல குடுக்கணுமாம். தறிச் செட்டுல லேசான வேல என்ன இருக்கு? காண்ட்ராக்ட் முடிஞ்சுதுன்னு பதினோரு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாரு. மக படிப்ப நிறுத்திட்டு வந்துரவான்னு போன்ல கேக்கா."

"நான் உங்க நல்லதுக்குத்தான்..."

"தெரியும் தாயி. டாக்டரும் நல்லதுக்குத்தான் எழுதுனாரு. சூப்ரவைசர் நல்லதுக்குத்தான் எட்டுத் தறி குடுத்தாரு. எங்க வீட்டுக்காரரும் நல்லதுக்குத்தான் அந்தத் தாள ஒட்டி வச்சாரு." அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் ரெஜினாவால் தாங்க முடியாமல் இருந்தது. "வலி இல்லைன்னு சொன்னப்பவும் எங்கிட்டக் கேக்கல. இருக்குன்னு சொன்னப்பவும் எங்கிட்டக் கேக்கல. போன் நம்பர் குடுத்திருந்தேனே. ஒரு வார்த்த, 'ஆவுடை, இப்படிச் செய்யப் போறேன், செய்யட்டுமா'ன்னு கேட்டீகளா?"

ரெஜினா இல்லை என்று தலையசைத்தாள்.

"என் படத்த எடுத்துருங்க. எல்லா எடத்துல இருந்தும். எனக்கு அது போதும்."

எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ரெஜினா வந்தாள்.

வாரியத்துக்கு ஆறு கடிதம் எழுதினாள். கடைசியில் கருவிக்குப் பாடம் கற்பிக்கிற பிரிவிலிருந்து ஒரு பொறியாளர் தொலைபேசியில் பேசினார். இளங்குரல், மரியாதையாகத்தான் பேசினார்.

"பேப்பர்ல வந்ததை ஒண்ணும் பண்ண முடியாது மேடம். எங்க மெஷின்ல இருந்தும் எடுக்க முடியாது. அந்தம்மா படத்தை வச்சுத்தான் மறைவலின்னா என்னன்னே இதுக்குச் சொல்லிக்குடுத்தோம். அவ்வளவு சுத்தமான படம் அது. இப்ப அது உள்ள கலந்துடுச்சு. சோத்துல போட்ட உப்பைத் திரும்ப எடுங்கன்னு சொன்னா எப்படி?"

"அவங்ககிட்ட அனுமதி வாங்கலையே சார்."

"வாங்கியிருக்கீங்களே மேடம். ஸ்கேனுக்கு முன்னாடி போட்ட கையெழுத்து. 'தர மேம்பாட்டுக்காகப் படங்களைப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதிக்கிறேன்'. நாலாவது பக்கம். சாட்சிக் கையெழுத்து நீங்கதான்."

'இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசியில ஒண்ணு' என்று விரலால் காட்டித்தான் அவள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவாள். நாலாவது பக்கத்தை அவளே படித்ததில்லை.

புதுப் பாடம் ஏற்றிய வலிமானி மார்கழியில் வந்தது. பழைய எண்களும் மறைவலிப் பட்டியலும் இனிச் செல்லாது, தை முடிவதற்குள் எல்லாரும் புது எண் வாங்க வேண்டும் என்று உத்தரவு. கூட்டம் தெருவரை நின்றது. நாற்பது என்று நினைத்தவர்களுக்கு எழுபது வந்தது. ரெஜினா ஒவ்வொரு தாளையும் கொடுக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும், ஆவுடைத்தாய் உள்ளே வந்தாள். அவள் பெயரைப் பட்டியலில் காலையிலேயே பார்த்துவிட்டு ரெஜினா காத்துக்கொண்டிருந்தாள். ஆவுடைத்தாய் மேசை ஓரமாக உட்கார்ந்தாள். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை.

"தாயி, ஒண்ணு கேக்கணும். வலிய நல்லா அடக்கிக்கிட்டுப் படுத்தா நம்பர் கொறையுமா? எனக்கு அடக்கத் தெரியும்."

"இல்ல அக்கா. அடக்குறதைத்தான் இப்ப இது பாக்குது. எவ்வளவு அடக்குறீங்களோ அவ்வளவு கூடக் காட்டும்."

"யாரப் பாத்துக் கத்துக்கிச்சு அத?"

ரெஜினாவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "உங்களப் பாத்துத்தான் அக்கா."

ஆவுடைத்தாய் அந்தக் குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. வேண்டாத சொந்தக்காரர் ஒருவரை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி இருந்தது.

ரெஜினா படிவத்தை எடுத்து வந்து அவள் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படித்தாள். எதற்காகப் படம், யார் யார் பார்ப்பார்கள், எங்கே எங்கே போகும், எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள். நாலாவது பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். நிறுத்தவில்லை. ஐந்தாவது பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதையும் படித்தாள்: 'இந்தப் பரிசோதனையை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.'

"மறுத்தா என்ன ஆகும்?"

"உங்களுக்கு நம்பர் இருக்காது அக்கா. பெரிய ஆலைகள்ல எடுக்க மாட்டாங்க."

"கம்மாக்கரைப் பக்கம் சின்னச் செட்டு ரெண்டு இருக்கு. நாலு நாலு தறி. அவுக நம்பர் கேக்க மாட்டாக. பெரிய நம்பர் இருக்க ஆளுன்னு தெரிஞ்சாத்தான் பயப்படுவாக, கேசு வந்துரும்னு. நம்பரே இல்லைன்னா பயம் இல்ல." அவள் மெல்ல மேசையை விட்டு இறங்கினாள். "அப்ப வேண்டாம் தாயி. மறுத்துட்டேன்னு எழுதிக்கிடுங்க."

"நிச்சயமாவா அக்கா?"

"நிச்சயமா." பிறகு சிரித்தாள். ரெஜினா அவள் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "இன்னைக்குத்தான் ஒருத்தி எங்கிட்டக் கேட்டிருக்கா."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ரெஜினா கணினி முன் உட்கார்ந்தாள். 'மறுத்தார்' என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்பினாள்.

திரை சற்று நேரம் யோசித்தது. பிறகு எழுத்துகள் வந்தன.

'பரிசோதனை மறுக்கப்பட்டது. இந்த நபரின் முந்தைய படங்கள் கருவியில் உள்ளன. அவற்றிலிருந்து எண் கணக்கிடப்பட்டது: 83. வகை: மறைவலி. சான்று பதிவேட்டில் ஏற்றப்படுகிறது.'

ரெஜினா நிறுத்து என்ற பொத்தானைத் தேடினாள். அப்படி ஒன்று இல்லை. இயந்திரத்தின் மின்சாரத்தை அணைத்தாள். அணைவதற்குள் 'ஏற்றப்பட்டது' என்று வந்துவிட்டது.

படிகளில் ஓடி இறங்கினாள். எதிர்ப்பக்க நிறுத்தத்தில் ஆவுடைத்தாய் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தாள். ரெஜினா மூச்சிரைக்க ஓடி வருவதைப் பார்த்து அவளே இரண்டடி முன்னால் வந்தாள்.

"என்ன தாயி, எதையும் விட்டுட்டு வந்துட்டனா?"

முகம் இன்னும் மலர்ந்துதான் இருந்தது. பேருந்து வந்து நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தான். நாளைக்குக் காலையில் இவள் கம்மாக்கரைக்குப் போய் வேலை கேட்பாள் என்று ரெஜினா நினைத்தாள். இன்று ஒரு பொழுதாவது நிம்மதியாக...

"ஒண்ணுமில்ல அக்கா," என்றாள். "பாத்து ஏறுங்க."

பேருந்து கிளம்பியது. ஜன்னலிலிருந்து ஆவுடைத்தாய் கையசைத்தாள். ரெஜினாவும் கையசைத்தாள். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பதிவேட்டில் எண் ஏறியதும் உரியவரின் கைப்பேசிக்குத் தகவல் தானாகப் போய்விடும். பத்து நிமிஷம்கூட ஆகாது. பேருந்து ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அது அவள் மடியில் ஒலிக்கும். பக்கத்து இருக்கையில் இருக்கும் யாராவது வாங்கிப் படித்துச் சொல்வார்கள்.

ரெஜினா ரோட்டைக் கடந்து, அடுத்த பெயரைக் கூப்பிட மாடிக்கு ஏறினாள்.